மொத்த எடை

ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு
ஒரு நாட்டின் படை முழுக்க
கஞ்சிக்கோட்டில் என் எடைமேடையில் ஏறி நின்றது.

நாமக்கல் டிரெய்லர்.
கொச்சித் துறைமுகச் சீட்டில் சரக்கின் பெயர்:
கலப்பு இரும்பு.
ஓட்டுநர் செங்கோடன்தான் சொன்னார்,
ஏதோ தீவாம், பெயர் வாயில் நிற்காதாம்,
பழசை ஏலம் போட்டுவிட்டார்களாம்.
"புதுசு வாங்கினாங்களோ, சண்டையே வேண்டாம்னு விட்டாங்களோ,
நமக்கு டன்னுக்கு இவ்வளவு."

டார்ச் அடித்துச் சுற்றி வந்தேன்.
கவச வண்டி ஒன்று, கதவில்லாமல்.
மூன்று ஜீப், தோசைபோல் தட்டி
ஒன்றின்மேல் ஒன்றாய்.
சாக்கு சாக்காய்த் துப்பாக்கி, எல்லாம் நடுவில் அறுத்தது,
அறுத்த வாய் மட்டும் பளபளப்பு.
பீரங்கி ஒன்றே ஒன்று.
ஒன்றை வைத்துக்கொண்டு
எந்தப் பக்கம் திருப்பியிருப்பார்கள்?
குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது.
எந்த ஊர்க் குளவியோ.
எல்லாவற்றுக்கும் மேலே, இறக்கை கழற்றி,
கயிறு போட்டுக் கட்டின ஹெலிகாப்டர்.
அதன் கதவில் ஒரு கடல்பறவை,
சாயம் உரிந்து, கழுத்துவரைதான் இருந்தது.

போன கார்த்திகையில் தண்டவாளத்தில் அடிபட்ட யானையை
இதே மேடையில்தான் ஏற்றினார்கள்.
நாலாயிரத்து நூற்றுப் பத்து.
எழுதிக்கொண்ட வனக்காவலர்
என் பக்கம் திரும்பவே இல்லை.
அந்தக் கணக்கில் இந்தப் படை மூன்று யானை.
சரியாகச் சொன்னால், மூன்று யானையும் ஒரு குட்டியும்.

வெடிபொருள் இல்லை என்று மூன்று முத்திரை.
உலையில் நிற்கிற பைராகி அதையெல்லாம் நம்பமாட்டான்.
ஒருமுறை ஏதோ உருளை வெடித்து
இடது காது போனவன்.
இப்படிச் சரக்கு வந்தால்
வலது காதை வைத்துத் தட்டித் தட்டிக் கேட்பான்,
பலாப்பழம் பார்க்கிறவன் மாதிரி.

ஆனால் கணக்கு உதைத்தது.
துறைமுகச் சீட்டைவிட ஐம்பது கிலோ கூடுதல்.
குறைந்தால் புரியும், வழியில் எவனோ உருவியிருப்பான்.
கூடினால்?
மழைத்தண்ணி தேங்கியிருக்குமா என்றேன்.
"மார்கழியில ஏது மழை" என்றவர்
சட்டென்று கேபினைத் திரும்பிப் பார்த்தார்.
"எங்க அந்த எழிலரசு?"

ஏணி வைத்து ஏறினேன்.
விமானி இருக்கையில், பஞ்சு பிதுங்கின மெத்தையில்
கிளீனர் உறங்கிக்கொண்டிருந்தான்.
இடுப்பு வாரை ஒழுங்காய் மாட்டியிருந்தான்.
கை, பிடியில்.
துறைமுகத்தில் எடை போட்டபோது
டீ குடிக்கப் போயிருந்தானாம்.

தட்டி எழுப்பினால் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
"குதிரான் சுரங்கத்துக்குள்ள பறந்தேன்க்கா.
ரெண்டு பக்கமும் லைட்டு சர்ரு சர்ருன்னு.
வெளிய வந்தா நிலா."

"இறங்குடா, ஏர் மார்ஷலு."

இறங்கினான். ஐம்பது குறைந்தது.
அந்தப் படையின் கடைசி ஆள்
வேலியோரம் போய் ஒன்றுக்கு நின்றான்.

சீட்டு அடிக்கப் போனால் எண் நிற்கவில்லை.
வாளையாறு தாண்டிக் கணவாய்க் காற்று எழுந்துவிட்டது.
வாலில் கழற்ற மறந்த சின்ன விசிறி
கிறீச்சென்று ஒரு சுற்று,
கொஞ்சம் யோசித்து அரைச் சுற்று.
சிவப்பு எண்கள் பத்து ஏறும், இருபது இறங்கும்.
இறங்குகிறபோது
அந்த இருபது கிலோ அளவுக்காவது
அது எழும்பப் பார்க்கிறது என்று நினைக்கலாம்.
எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.
எண் நின்றால்தான் அச்சு ஓடும்.

பின்னால் சிமெண்ட் லாரி ஹாரன் அடித்தது.
உலையிலிருந்து சசீந்திரன் போன்:
"சேச்சி, வண்டி எவிடே?"

"நிக்கட்டும்" என்றேன்.